பதினாறு வரிக் கேள்வித்தாளும் மூணு ஏக்கர் காபியும்

போன மார்ச்சில் ஏற்காடு கிளம்பும்போது பையில ஒரு பேப்பரை பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தேன். கெல்ட் லார்சன், ஆமன் சால்டர் ரெண்டு பேரும் 2006ல் 'ஸ்ட்ராடஜிக் மேனேஜ்மெண்ட் ஜர்னல்' இதழில் எழுதினது. ஒரு நிறுவனம் எவ்வளவு திறந்து இருக்கோ அதுக்கும், அங்கே வர்ற புதுமைக்கும் என்ன சம்பந்தம்னு ஆராய்ச்சி பண்றவங்க பெரும்பாலும் இதை மேற்கோள் காட்டாமல் நகர மாட்டாங்க. ஆறேழு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல உட்கார்ந்து படிச்சப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. இந்தத் தடவை மாமனார் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து படிச்சேன். பிடிக்கலை. அதே பேப்பர், அதே ஆள். ஏன் இப்படின்னு யோசிச்சதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

வழக்கமான எச்சரிக்கை: நான் மேலாண்மைத் துறை ஆள் இல்லை. பி.இ. முடிச்சு இருபது வருஷமா கோடு எழுதறவன். இந்தத் துறை பேப்பர்களை ஆசைக்குப் படிக்கிறேன்.

மாமனாருக்கு நாகலூர் பக்கம் மூணு ஏக்கர். சில்வர் ஓக்ல மிளகுக் கொடி ஏறியிருக்கும், கீழே அரபிகா காபி. நான் போன சமயம் பூ மழை இன்னும் வரலை. ஏப்ரல்ல வண்டு பறக்கறதுக்கு முன்னாடி செடி செடியாத் தண்டைத் தடவிப் பார்க்கிற வேலை நடந்துட்டிருந்தது. வெள்ளைத் தண்டு துளைப்பான்னு பேர். அரபிகாவுக்கு எமன். பட்டை இடுக்குல முட்டை வைக்கும். புழு உள்ளே போய் தண்டைக் குடைஞ்சுட்டே போகும். வெளியில பார்த்தா தண்டைச் சுத்தி மேடு மேடா ஒரு வரி தெரியும், இலை மஞ்சளாகும். அப்படிக் கண்டா செடியை வேரோடு பிடுங்கி எரிச்சுடணும். வேற வழி இல்லை. பிடுங்காம விட்டா அடுத்த சீசன்ல அந்தச் செடியிலிருந்து வண்டு கிளம்பி மத்த செடிக்கும் போகும், வேலி தாண்டி அடுத்த தோட்டத்துக்கும் போகும்.

தோட்டத்தைப் பத்திப் பின்னாடி இன்னும் பேசறேன். முதல்ல பேப்பர்.

பிரிட்டன்ல 2001ல் எடுத்த அரசுக் கணக்கெடுப்புத் தரவு. 2,707 உற்பத்தி நிறுவனங்கள். அந்தக் கேள்வித்தாள்ல பதினாறு வரி: சரக்கு கொடுக்கிறவங்க, வாடிக்கையாளர்கள், போட்டியாளர்கள், ஆலோசகர்கள், பல்கலைக்கழகங்கள், அரசு ஆய்வகங்கள், தொழில் சங்கங்கள், கண்காட்சிகள், தரக்கட்டுப்பாட்டு விதிகள்னு போகும். உங்க புதுமைக்கான அறிவு இவங்க கிட்ட இருந்து வந்ததா, வந்ததுன்னா கொஞ்சமா நடுத்தரமா அதிகமான்னு டிக் அடிக்கணும். எத்தனை வரிக்கு டிக் விழுந்ததோ அது அகலம். எத்தனை வரிக்கு 'அதிகம்' விழுந்ததோ அது ஆழம். இந்த எண்களை ஒரு பக்கம் வெச்சு, புதுப் பொருள்களிலிருந்து வந்த விற்றுமுதல் பங்கை இன்னொரு பக்கம் வெச்சுப் பார்த்தாங்க. கவிழ்த்துப் போட்ட யூ மாதிரி வளைவு வந்தது. அகலம் பதினொன்னு வரைக்கும் ஏறுமுகம், அப்புறம் இறங்குமுகம். ஆழத்துல அந்த உச்சி மூணுலேயே வந்துடுது.

அன்னைக்கு எனக்கு இது பிடிச்சதுக்கு நியாயமான காரணம் உண்டு. 2003ல் ஹென்றி செஸ்ப்ரோ 'ஓபன் இன்னொவேஷன்' புத்தகம் எழுதினதிலிருந்து "கதவைத் திற" என்பது ஒரு மந்திரம் ஆகிப்போச்சு. எங்களை மாதிரி கம்பெனிகள்ல வருஷத்துக்கு ஒரு ஹேக்கத்தான், ரெண்டு ஐடியா பெட்டின்னு அமர்க்களம். அந்தக் கூச்சலுக்கு நடுவுல ரெண்டு பேர் வந்து, கேட்கிறதுக்கும் ஒரு செலவு இருக்கு, எல்லார்கிட்டயும் கேட்டா ஒண்ணும் ஆகாதுன்னு எண்ணை வெச்சுச் சொன்னாங்க. அது பெரிய விஷயம். இன்னைக்கும் அதுல மாற்றுக் கருத்து இல்லை.

மாமனார் தண்டு தடவற வேலையை முடிச்சுட்டு வந்து கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்: "என்ன மாப்ள, இவ்ளோ நேரமா படிக்கிறீங்க?" சுருக்கமாச் சொன்னேன். கேள்வித்தாள் விஷயம் வந்ததும் நிறுத்தினார். "அந்தக் கம்பெனிக்காரன் யாரைக் கேட்டான்னு எழுதியிருக்கான். சரி. சொன்னவனுக்குத் திரும்ப என்ன சொன்னான்னு எழுதலையா?"

எழுதலை. பதினாறு வரியும் ஒரே பக்கம் பார்த்து நிக்குது. வெளியே இருந்து உள்ளே என்ன வந்ததுன்னு எண்ணுது. கொடுத்தவன் யாரு, அவன் சொன்னது பலிச்சுதா, பலிச்சது அவனுக்குத் தெரியுமா, இதுக்கெல்லாம் கட்டம் இல்லை. ஒரு நிறுவனம் பதினோரு பேர்கிட்ட வாங்கிக்கிட்டு ஒருத்தருக்கும் பதில் சொல்லாம இருந்தாலும் இந்த அளவுகோல்ல அது திறந்த நிறுவனம்தான்.

லார்சன், சால்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வித்தாள் அவங்க போட்டது இல்லை, அரசாங்கம் போட்டது. இருந்த தரவை ஒழுங்காப் பயன்படுத்தினாங்க. என் கோபம் அவங்களுக்குப் பின்னாடி வந்தவங்க மேல. ஒரு அளவுகோலை எடுத்து அதையே வரையறை ஆக்கிட்டாங்க. அப்புறம் வந்த பேப்பர்கள் பலதுல திறந்த தன்மைன்னாலே எத்தனை மூலத்துக்கு டிக் அடிச்சான்ங்கிற எண்ணிக்கைதான். லீனஸ் டாலாண்டரும் டேவிட் கானும் 2010ல் இதைக் கொஞ்சம் சரி பண்ணப் பார்த்தாங்க. வாங்குவது, கொடுப்பது, காசுக்கா, காசில்லாமலான்னு நாலா பிரிச்சாங்க. காசு வாங்காம வெளியே கொடுக்கிறதுக்கும் அதுல ஒரு இடம் உண்டு. நல்ல பிரிவு. ஆனா அங்கேயும் பேசறது நிறுவனத்தின் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன்தான். அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு என்ன ஆச்சுன்னு கேட்க ஆள் இல்லை.

இது ஏன் முக்கியம்? பொருளாதார வரலாற்றில் ஒரு உதாரணம் இருக்கு. மேலாண்மை ஆட்கள் இதை அதிகம் பயன்படுத்துறது இல்லை.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சுரங்கங்கள். சுரங்கத்துல ஊறுற தண்ணியை இறைக்க நீராவி எஞ்சின். கரி வெளியூர்ல இருந்து வரணும், அதனால ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு. ஜேம்ஸ் வாட்டோட காப்புரிமை 1800ல் முடிஞ்சது. அதுவரைக்கும் அவரோட வழக்காடி நொந்துபோயிருந்த ஊர் அது. 1811ல் ஜோயல் லீன்னு ஒரு சுரங்க மேலாளர் மாசாமாசம் ஒரு அறிக்கை போட ஆரம்பிச்சார். எந்தச் சுரங்கம், எந்த எஞ்சின், அதைப் பார்த்துக்கிற எஞ்சினியர் யாரு, ஒரு அளவு கரிக்கு எவ்வளவு தண்ணி எவ்வளவு உயரம் ஏறிச்சு. அவ்வளவுதான் அறிக்கை. பேரும் எண்ணும். இதை அலெஸ்ஸாண்ட்ரோ நுவொலாரி 2004ல் விரிவா ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கார். அடுத்த சில பத்து வருஷத்துல அந்த எஞ்சின்களோட சராசரித் திறன் ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு. பெரும்பாலான மேம்பாட்டுக்கு யாரும் காப்புரிமை வாங்கலை. ட்ரெவிதிக் கூட 1812ல் தன் உயர் அழுத்த எஞ்சினுக்கு வாங்கலை.

இங்கே திறப்புங்கிறது என்ன? எத்தனை பேர் கிட்ட கேட்டாங்கன்னு இல்லை. ஒருத்தன் வால்வை மாத்தினா, அடுத்த மாசமே அவனுக்கும் அவன் போட்டியாளனுக்கும் அது பலிச்சுதா இல்லையான்னு அச்சுல வந்துடும். முயற்சி பண்ணினவன் கையிலேயே பதில் திரும்பி வந்து விழுது.

இனி காபி. இது தென்னிந்தியாவுல நடந்த, எனக்கு ரொம்பப் பிடிச்ச திறந்த புதுமைக் கதை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை உதாரணமா நான் பார்த்ததில்லை.

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். 1869ல் இலங்கையில இலைத்துரு நோய் கண்டது. அங்கே காபி போய் தேயிலை வந்த கதை எல்லாருக்கும் தெரியும். இந்தப் பக்கமும் துரு வந்தது. 1911 வாக்கில் மைசூர்ப் பக்கம் கென்ட்னு ஒரு தோட்டக்காரர், தன் தோட்டத்துல மத்ததெல்லாம் துருப்பிடிச்சு நிக்க ஒரு செடி மட்டும் தாக்குப் பிடிக்கிறதைக் கவனிச்சார். அதோட விதையை எடுத்துப் பெருக்கினார். 'கென்ட்ஸ்'னு பேர். அந்த விதை தோட்டம் தோட்டமாப் பரவிச்சு. சில வருஷத்துல துரு அதையும் பிடிச்சது. ஏன்? 1925ல் பாலேஹொன்னூர்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி நிலையத்துல டபிள்யூ.டபிள்யூ. மெய்ன் 1930களில் பதில் கண்டுபிடிச்சார்: துரு ஒரே வகை இல்லை, அதுக்குள்ளேயே பல இனங்கள் இருக்கு, கென்ட்ஸ் தாங்கினது ஒரு இனத்தை மட்டும். தோட்டக்காரர் கண்டது, தோட்டத்துலயே தோத்தது, ஆய்வகம் காரணம் சொன்னது, அந்தக் காரணத்தை வெச்சு அடுத்த கலப்பு. எஸ்.288ங்கிற தேர்வோட கென்ட்ஸைச் சேர்த்து 1940களில் வந்ததுதான் எஸ்.795. இன்னைக்கும் இந்திய அரபிகாவுல பெரும் பங்கு அதுதான். இந்தோனேசியாவுக்கும் போச்சு, அங்கே 'ஜெம்பர்'னு கூப்பிடறாங்க. செஸ்ப்ரோ பாணியில சொன்னா உள்ளேயிருந்து வெளியே. உரிமத் தொகை எதுவும் யாரும் கேட்கலை.

இந்தச் சங்கிலி முழுக்க பதில் திரும்பிக்கிட்டே இருந்தது. கென்ட்ஸ் தோத்ததும் ஒரு பதில்தான்.

இதுக்கு நேர் எதிரானது அதே பயிர்ல, அதே காலத்துல சந்தைப் பக்கம் நடந்தது. உலகப் போர்ல ஏற்றுமதி படுத்ததும் காபி வாரியம் வந்தது, 1942ல் காபி சட்டம். விவசாயி தன் காபியை, வீட்டுக்கும் விதைக்கும் வேண்டியது போக, பொதுத் தொகுப்புல கொடுத்துடணும். தரத்துக்குத் தகுந்த புள்ளி, அதுக்குத் தகுந்த பணம், அதுவும் தவணையா. எல்லார் காபியும் சேர்ந்துதான் ஏலத்துக்குப் போகும். 1992ல் தளர்த்த ஆரம்பிச்சு 1996ல் முழுசா விட்டாங்க. இந்த ஏற்பாட்டைத் திட்டறது சுலபம். ஆனா விலை சரிஞ்ச காலத்துல சிறு விவசாயி தலை தப்பினது இதனாலதான்னு சொல்ற பெரியவர்கள் மலையில இன்னும் இருக்காங்க, அவங்க சொல்றதிலும் நியாயம் உண்டு. நான் பார்க்கிறது வேற: ஒரே பயிர்ல ஆராய்ச்சிப் பக்கம் கதவு திறந்திருந்தது, விற்பனைப் பக்கம் யார் கொட்டைன்னு தெரியாமக் கலந்துபோச்சு. பழுத்த பழமாப் பார்த்துப் பறிச்சு, அன்னைக்கே பல்பர்ல போட்டு, களத்துல கிளறிக் கிளறிக் காயவெச்சவனோட காபி கப்புல எப்படி இருந்ததுன்னு அவனுக்குச் சேதி வராது. கார்ன்வால்ல எல்லா எஞ்சினுக்கும் சேர்த்து ஒரே சராசரியை மட்டும் அச்சடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

சரி, 1996க்கு அப்புறம் சந்தை திறந்தாச்சே? பெரிய எஸ்டேட்டுகளுக்குத் திறந்தது. பேர் போட்டு விக்கிறாங்க, வாங்குறவன் மெயில்ல குறை சொல்றான், அடுத்த வருஷம் திருத்திக்கிறாங்க. நல்லா இருக்கு. மூணு ஏக்கர்க்காரருக்கு? மாமனார் மூட்டையை ஒரு வியாபாரி கிட்டப் போடறார். அவர் எடை பார்ப்பார், கையில அள்ளிப் பார்ப்பார், விலை சொல்வார். லாரி இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கினதோட கதை முடிஞ்சது. வாரியம் அறிவிச்ச பதிமூணு காபிப் பகுதிகள்ல சேர்வராயன் மலையும் ஒண்ணு, தனிச் சின்னமே உண்டு. 2019ல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதன்கிரின்னு அஞ்சு காபிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப இந்த மலை அந்தப் பட்டியல்ல இல்லை. ஆனா அது கிடைச்சிருந்தாலும் மாமனாரோட மூட்டைக்கு ஒரு பதில் வந்திருக்கும்னு நான் நம்பலை. மலைக்கு ஒரு பேர் வேற, ஆளுக்கு ஒரு பதில் வேற.

இப்ப அவர் தோட்டத்துக்கு மறுபடி வரேன். வடக்கு மூலையில ஒரு அறுபது செடி. எஸ்.795தான். எட்டு பத்து வருஷமா அந்த மூலையில வண்டு பெருசா விழலைன்னு சொல்றார். பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள இடத்தை யாரோ வாங்கிப் போட்டுட்டு வர்றதே இல்லை. அங்கே செடியெல்லாம் குடைஞ்சு நிக்குது, வண்டுக்கு அதுதான் நாற்றங்கால். அப்படியும் இந்த மூலை தப்பிக்குது. அதுல இருந்து விதை எடுத்து ஒரு பாத்தி நாத்து விட்டிருக்கார்.

"இதுல ஏதோ இருக்கு மாப்ள."

"மாமா, அந்த மூலையில பலா மரம் ரெண்டு நிக்குதே. நிழலா இருக்கலாம்" என்றேன். இந்த வண்டு வெயில் படற தண்டைத்தான் தேடிப் போகும்னு எல்லாக் கையேட்டிலும் இருக்கு.

"இருக்கலாம். நானும் அதைத்தான் நினைக்கிறேன். ஆனா யார் பார்த்துச் சொல்றது?"

நூறு வருஷம் முன்னாடி கென்ட் பார்த்தது கிட்டத்தட்ட இதே மாதிரிதான்: சுத்தி எல்லாம் நோயில நிக்க, சிலது மட்டும் நிக்கலை. மாமனார் கண்டது பெரும்பாலும் பலா மர நிழல்தான். எனக்கு அதுல சந்தேகம் ரொம்பக் கம்மி. ஆனா அதைச் சோதிச்சு, "ஐயா, இது நிழல்தான், ரகம் இல்லை"ன்னு அவருக்குத் திருப்பிச் சொல்ற வழி இருக்கணும். இல்லைன்னு சொல்றதும் பதில்தான். அந்தப் பதில் வராததுனால அவர் மூணு வருஷமா நாத்து விட்டுக்கிட்டிருக்கார். அந்த நாத்துக்கு அவர் உடம்பு உழைப்பு இருக்கு, எழுபது வயசு இருக்கு.

எனக்கு இது உறைக்கிறதுக்குச் சொந்தக் காரணமும் உண்டு. முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல ஐடியா பெட்டி ஒண்ணு இருந்தது. டெஸ்ட் ஓடற நேரத்தைக் குறைக்க ஒரு சின்ன யோசனையைச் செஞ்சே காட்டி அதுல போட்டேன். "பரிசீலனையில்"னு ஒரு மஞ்சள் பட்டை வந்தது. நான் வேலையை விடற வரைக்கும் அது மஞ்சளாத்தான் இருந்தது. அப்புறம் ஒரு கல்யாணத்துல பழைய நண்பன் சொல்லித்தான் தெரியும், வேற டீம் அதை எடுத்து ரெண்டு வருஷமா ஓட்டிக்கிட்டிருக்காம். கோபம் கூட வரலை. அதுக்கப்புறம் அந்த மாதிரிப் பெட்டி எதிலும் நான் எதுவும் போட்டதில்லை, அவ்வளவுதான். வருஷாந்திர அறிக்கையில அந்த யோசனை 'ஊழியர் மூலம்'னு ஒரு டிக்கா விழுந்திருக்கும். நான் நின்னுட்டது எந்தக் கட்டத்துலயும் விழுந்திருக்காது.

திறமூல மென்பொருள் ஏன் தாக்குப் பிடிக்குதுன்னு கேட்டா என் அனுபவத்துல இதைத்தான் சொல்வேன். யோவாகிம் ஹென்கெல் 2006ல், உட்பொதி லினக்ஸ் பண்ற கம்பெனிகள் தாங்கள் எழுதினதுல சுமார் பாதியை வெளியே விடறாங்கன்னு காட்டினார். எதை விடறாங்க, எதை மறைக்கிறாங்கன்னு அழகாப் பிரிச்சிருக்கார். நான் பார்த்த வரைக்கும் பேட்ச் அனுப்பினா, அதைப் பராமரிக்கிறவர் மூஞ்சியில அடிச்ச மாதிரி "வேண்டாம், இந்தக் காரணத்தால"ன்னு எழுதுவார். வலிக்கும். ஆனா அடுத்த பேட்ச் அதைவிட நல்லா வரும்.

இதுக்கு ஒரு ஆட்சேபம் வரும்னு தெரியும். கோஹனும் லெவிந்தாலும் 1990லேயே உள்வாங்கும் திறன் பத்திப் பேசிட்டாங்க, ஏற்கெனவே அறிவு இருக்கிற நிறுவனத்தாலதான் புது அறிவை ஜீரணிக்க முடியும்னு. நீ சொல்றதும் அதுதானேன்னு கேட்கலாம். இல்லை. அது வாங்கறவன் வயித்தைப் பத்தினது. நான் கேட்கிறது கொடுத்தவன் காதைப் பத்தி. இன்னொரு ஆட்சேபம்: மூணு ஏக்கர் தோட்டம் நிறுவனமே இல்லை, 2,707 பிரிட்டிஷ் ஆலைகளை எடுத்து அளந்த விஷயத்தை இதோட ஒப்பிடலாமா? இது கொஞ்சம் வலுவான ஆட்சேபம். ஆலைக்குச் சரக்கு கொடுக்கிறவனுக்கு அடுத்த ஆர்டரே ஒரு பதில், அதனால தனியா ஒரு கட்டம் தேவைப்படாம இருக்கலாம். ஒத்துக்கறேன். ஆனா அந்த ஆர்டர் கூட வராதவங்க, ஒரு தடவை சொல்லிட்டுப் போன ஆய்வகத்துக்காரர், வாடிக்கையாளர், இவங்களும் அந்தப் பதினாறுக்குள்ள இருக்காங்களே. பத்து வருஷம் கழிச்சு அதே நிறுவனத்தை மறுபடி கேட்டா எத்தனை பேர் இன்னும் சொல்லிக்கிட்டு இருப்பாங்க? வளைவோட இறங்குமுகத்துல ஒரு பகுதி, கேட்கிறவன் சோர்ந்ததுனால இல்லை, சொல்றவன் நிறுத்திட்டதுனால இருக்கலாம். ஒரே வருஷத் தரவுல அது தெரியாது. கேள்வித்தாள்ல பதினேழாவதா ஒரு வரி சேர்த்தா போதும்: "கடந்த மூணு வருஷத்துல இவங்கள்ல யாருக்காவது, நீங்க சொன்னது என்ன ஆச்சுன்னு திருப்பிச் சொன்னீங்களா?"

கிளம்பறதுக்கு முந்தின நாள் வடக்கு மூலைச் செடிக்கெல்லாம் தகர வில்லையில நம்பர் அடிச்சுக் கட்டினோம். எதிர்ப் பக்கம் பலா நிழலே படாத ஒரு அறுபதுக்கும் கட்டினோம். மூலையில எடுத்த நாத்துல பாதியை மழை பிடிச்சதும் வெயில் படற இடத்துல நடச் சொல்லியிருக்கேன், சந்தையில வாங்கின நாத்து பாதி அதே வரிசையில மாத்தி மாத்தி. வண்டு விழற அளவுக்கு அதுங்க தண்டு பருக்க சில வருஷம் ஆகும். பெரிய செடிகளோட கணக்கு நோட்டு மாமனார் கிட்ட இருக்கு. அக்டோபர்ல அடுத்த வண்டு பறக்கிற சீசன் ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை மலை ஏறணும்.